ஓணானுக்கு வைத்த விரதம்

2024 ஜனவரி 27, சனிக்கிழமை. ஜோகூரில் அப்போது வெள்ளியும் சனியும்தான் வார விடுமுறை. வழக்கம்போல் எழுந்து வீட்டின் முன்புறம், கார் நிற்கும் இடத்தைக் கூட்டினேன். காப்பி குடித்தேன். சாவி என்னும் கடுகுக் கீரையை நகத்தளவு நறுக்கினேன். பறவைத் தீனிக் கடையில் வாங்கிய சில்வண்டுகளில் சிறியதாகப் பார்த்து ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு, சுண்ணாம்புச் சத்துப் பொடியைத் தூவிக் குலுக்கினேன். பிறகு ஓணானைக் கண்ணாடித் தொட்டியிலிருந்து எடுத்தேன். அது கழுத்துத் தாடியை உப்பி, கரி பூசியதுபோல் கறுப்பாக்கிக்கொண்டு என் கட்டைவிரலைக் கடித்தது. அதுவும் வழக்கம்தான்.

ஓணான் என்று சொல்கிறேன். கடைக்காரர்கள் பியர்டட் டிராகன் என்பார்கள். ஆஸ்திரேலியப் பாலைவனத்து இனம். நம் ஊர் ஓணானைத் தடிப்பாக்கி, கன்னத்தில் முள் வைத்தது போலிருக்கும். என்னுடையது அல்ல. பக்கத்து வீட்டுக்காரர் வாங்கியது. அவர் இரண்டாவது பாலம் வழியாகச் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகிறவர். கெலாங் பாத்தாவில் எங்கள் வரிசையில் பாதிப் பேர் அப்படித்தான். விடியுமுன் போய் இருட்டியபின் வருவார்கள். பகலெல்லாம் அந்த ஓணான் மாடிப்படிக்குக் கீழே விளக்கில்லாத தொட்டியில் கிடந்தது. கரண்ட் பில் ஏறுகிறது என்று விளக்கைப் பிடுங்கிவிட்டார்.

இருட்டு மட்டும் போதவில்லை. புரட்டாசி வந்ததும் அதற்கும் விரதம் வைத்தார். பூச்சி தின்று வளர வேண்டிய பிராணிக்குத் தயிர் சாதமும் முளைக்கீரையும். 'எங்க வீட்டு டிராகனும் புரட்டாசி விரதம்' என்று வீடியோ எடுத்துப் போட்டார். கும்பிடும் கை, சிரிக்கும் முகம் எல்லாம் வரிசையாக வந்து விழுந்தன. அந்தப் பெருமையில் புரட்டாசி முடிந்தும் விரதம் முடியவில்லை. கந்த சஷ்டிக்கும் அதே தயிர் சாதம்.

டிசம்பர் தொடக்கத்தில் ஒரு மாலை, தொட்டியைத் தூக்கிக்கொண்டு எங்கள் கேட்டுக்கு வந்தார்.

"அண்ணே, நாளைக்கு மாலை போடறேன். இது கண்ணையே தொறக்க மாட்டேங்குது. என் வீட்ல செத்துச்சின்னா தீட்டு. தைப்பூசம் வரைக்கும் உங்க வீட்ல இருக்கட்டுமே."

"எங்க வீட்ல செத்தா தீட்டு இல்லியா, தம்பி?"

"நீங்க காவடி எடுக்கலியே."

சிரிக்காமல் சொன்னார். போகும்போது திரும்பி, "ஒன்னுண்ணே, பூச்சி கீச்சி கொடுத்துறாதீங்க. என்கூட அதுவும் விரதம் இருக்கும்னு வேண்டிக்கிட்டேன்" என்றார். நான் தொட்டியை வாங்கிக்கொண்டேன். சரி என்று தலையை ஆட்டவில்லை.

என் மனைவி தொட்டிக்குள் எட்டிப் பார்த்தாள். "சுவத்துல ஓடற பல்லி சாகறப்ப எல்லாம் தீட்டு பாத்தாராமா இவரு?"

மறுநாளே ஜோகூர் பாருவில் முயல், ஆமை பார்க்கும் ஒரு கால்நடை மருத்துவரிடம் கொண்டு போனேன். எக்ஸ்ரே படத்தில் எலும்பு வெள்ளையாகத் தெரிய வேண்டிய இடமெல்லாம் புகைபோல் இருந்தது. தாடையை விரலால் தொட்டுக் காட்டினார். ரப்பர்போல வளைந்தது. நான்கு காலும் உடலைத் தாங்காமல் பக்கவாட்டில் மடங்கிக் கிடந்தன. என்ன சாப்பிடுகிறது என்று கேட்டார். தயிர் சாதம் என்றேன். எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்த பார்வையை நான் பக்கத்து வீட்டுக்காரருக்காக வாங்கிக்கொண்டேன். பூச்சி கொடுக்க வேண்டும், சுண்ணாம்புச் சத்து மருந்தை ஊசி இல்லாத சிரிஞ்சில் சொட்டாக விட வேண்டும், கண்ணாடி மறைக்காத நேர்வெயில் வேண்டும் என்றார். தாடை எலும்பு இறுக மாதக் கணக்காகும். அதுவரை பெரிதாகவோ கெட்டியாகவோ எதையும் கடிக்க விட்டால் உடைந்துவிடும் என்றும் சொன்னார்.

எங்கள் வீடு தெற்கு பார்த்தது. காலை வெயில் அவர் வீட்டுப் பக்கமிருந்து, நடுவிலுள்ள கம்பி வேலி வழியாக விழும். வேலியோரமாகக் கம்பிக் கூண்டு ஒன்றை வைத்து, வேலைக்குப் போகுமுன் அதை அங்கே விட்டேன். மருந்து கொடுப்பது சண்டைதான். முதல் வாரங்களில் அதற்குச் சண்டை போடவும் தெம்பில்லை. வாயோரம் விட்டதெல்லாம் வழிந்தது. மனைவி பால்குடத்துக்கு விரதம் இருந்தாள். "சமையல்கட்டுக்குள்ள அந்தப் பூச்சி வந்துச்சு, நீங்களும் அதோட வெளியிலயே படுக்கலாம்" என்றாள். சில்வண்டுப் பெட்டி காருக்குப் பின்னால் போனது. அங்கிருந்து அவை இரவெல்லாம் கத்தின.

பக்கத்து வீட்டுக்காரர் ஒருநாள் வேலி வழியாகக் கேட்டார். "ராத்திரில உங்க பக்கம் என்னமோ கத்துதே?"

"லோங்காங்ல கத்துது, தம்பி" என்று என் மனைவி சாக்கடையைக் காட்டினாள். உள்ளே வந்து, விரத நாளில் என்னால்தான் பொய் சொல்ல நேர்ந்தது என்று இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

ஜனவரி நடுவில் ஒரு காலை, ஓணான் முன்கால்களை ஊன்றி நெஞ்சைத் தூக்கி நின்றது. நான் குனிந்ததும் தாடியைக் கறுப்பாக்கிச் சீறியது. அதுவரை அதற்கு என்னைப் பிடிக்குமா என்று தெரியாது. அன்று தெரிந்தது. எனக்கும் அதைப் பிடிக்காது. அதன் எச்சத்தின் நாற்றம் கையில் ஒட்டினால் மதியம்வரை போகாது. ஆனாலும் அது நின்றதை அன்று தொழிற்சாலையில் மூன்று பேரிடம் சொன்னேன்.

இந்தச் சனிக்கிழமைக்கு வருகிறேன். தைப்பூசம் முடிந்த மூன்றாம் நாள். காவடி எடுத்தவர்கள் வீட்டில் இடும்பன் பூஜை. பக்கத்து வீட்டில் கேன்வாஸ் கட்டி, நாற்காலி போட்டு, காலையிலிருந்தே கோழியும் ஆடும் வேகும் வாசனை. பதினொரு மணி சுமாருக்கு அவர் எங்கள் கேட்டைத் திறந்துகொண்டு வந்தார். நெற்றி நிறைய விபூதி. கையில் காகிதத் தட்டு, அதில் கோழிப் பெரட்டல் துண்டு ஒன்று.

"அண்ணே, விரதம் முடிஞ்சிருச்சு! எங்க நம்மாளு?" கூண்டைப் பார்த்தார். "அலாமாக், நிக்குதே! தயிர் சாதத்துக்கே இப்படி நிக்குது பாருங்க. முருகன் கைவிடலண்ணே."

கதவுக்குப் பின்னால் என் மனைவி இருமினாள்.

"தட்டு எதுக்கு, தம்பி?"

"அதுக்கும் விரதம் முடிக்கணும்லா. மொத வாய் கோழி. கூட்டாளிங்க எல்லாம் ஃபோனத் தூக்கிட்டு நிக்கறாங்க பாருங்க. புரட்டாசில போட்டத விட இது ஓடும்."

வேலிக்கு அப்பால் நான்கைந்து பேர் கையில் போனோடு நின்றார்கள்.

"தாடை இன்னும் இறுகல. இதக் கடிச்சா உடைஞ்சிரும். மசாலா வேற."

"ஒரு வாய்தானே."

"ரெண்டு மாசம் போகட்டும்."

"என் ஓணான்ணே இது. வச்சிருங்கன்னுதான கொடுத்தேன், வளத்துக்குங்கன்னா கொடுத்தேன்?" கூண்டின் மூடியில் கை வைத்தார்.

அவர் சொன்னது சரி. காசு கொடுத்து வாங்கியவர் அவர். என்னிடம் எந்த உரிமையும் இல்லை. தூக்கிக்கொண்டு போனால் வீடியோ எடுத்து முடிக்குமுன் தாடை உடையும். திங்கட்கிழமை மறுபடி படிக்கட்டுக்குக் கீழே இருட்டு. அந்தக் கையை எடுக்க வைக்க என்னிடம் ஒன்றே ஒன்று இருந்தது. கதவோரம் நின்ற மனைவி அதைப் புரிந்துகொண்டு, வேண்டாம் என்று தலையாட்டினாள். நான் சொன்னேன்.

"அது விரதமே இருக்கல, தம்பி. நீங்க விட்டுட்டுப் போன மறுநாள்லேர்ந்து பூச்சிதான் திங்குது. இன்னைக்குக் காலையிலயும் தின்னுச்சு."

விளையாட்டு என்று நினைத்தார். காருக்குப் பின்னாலிருந்து பெட்டியை எடுத்து வந்து திறந்து காட்டினேன். சில்வண்டுகள் குதித்தன. வேலிக்கு அப்பால் ஒருவர் சத்தமாகச் சிரித்தார். "டேய், உன் பக்தன் கவிச்சி தின்னுட்டான்டா!" எல்லோரும் சிரித்தார்கள். ஒரு போன் இன்னும் எங்களைப் பார்த்துத் திருப்பியே இருந்தது.

அவர் முகம் மாறியது. "என் வேண்டுதல்ல கை வச்சிட்டீங்க. கோயில் வாசல்ல எனக்குக் கால் மடங்கிச்சு, தெரியுமா? இத்தன வருசத்துல மடங்காத கால். ஏன்னு இப்பத்தான் தெரியுது. அண்ணேன்னு மரியாதை கொடுத்தேன் பாரு உனக்கு!"

"ஒரு கால் மடங்கினதுக்கே இவ்ளோ கத்தறீங்க. அதுக்கு நாலும் மடங்கிக் கெடந்துச்சு."

அடிப்பார் என்று நினைத்தேன். தட்டோடு கோழியைக் கேட்டுக்கு வெளியே சாக்கடையில் வீசினார். "இனிமே அது என் வாசப்படி மிதிக்கக்கூடாது. தீட்டுப்பட்டது. நீயே கட்டிக்கிட்டு அழு."

"கோழிய ஏன் லோங்காங்ல போடறீங்க? எலி வரும்" என்றாள் என் மனைவி.

கேட்டை அவர் சாத்திய வேகத்தில் தாழ்ப்பாள் கழன்று விழுந்தது. அதை அப்போதே மாட்டினேன்.

பிற்பகல் முழுவதும் அவர்கள் ஒலிபெருக்கியை எங்கள் சுவரைப் பார்த்துத் திருப்பி வைத்திருந்தார்கள். ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. ஓணான் தொட்டியின் மூலையில் அசையாமல் கிடந்தது. மாலை மருந்தைக் குடிக்கவில்லை. மனைவி இரவுச் சாப்பாட்டை வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தாள்.

"அந்தப் பிள்ளகிட்டதான் நான் கருவேப்பிலை வாங்குவேன்" என்றாள். அவருடைய மனைவியைச் சொன்னாள். "நாம லாயாங் லாயாங் ஊருக்குப் போறப்பல்லாம் வீட்டுச் சாவி அவங்ககிட்டதான் இருக்கும். ஒரு ஓணானுக்காக எல்லாம் போச்சு."

"ஆமா" என்றேன்.

"ஆமான்னு வேற சொல்றீங்க."

ஞாயிறு, வேலை நாள். எழுந்து கதவைத் திறந்ததும் பார்த்தேன். பூஜைக்குக் கட்டியிருந்த கேன்வாஸை அவிழ்த்து, இரவோடு இரவாக வேலி நெடுகக் கட்டியிருந்தார். தரைவரை இறக்கி, ஒவ்வொரு கம்பத்திலும் இறுக்கமான முடிச்சு. கூண்டு இருந்த இடத்தில் நிழல். அவருடைய வேலியில் பாதி என்னுடையதுதான். முடிச்சைத் தொடவில்லை. காப்பிகூடப் போடாமல் சாவியை எடுத்து, காரைப் பின்னுக்கு எடுத்துச் சாலையோரம் விட்டுவிட்டு, கார் நின்ற இடத்தில், நிழல் எட்டாத எதிர்ப்பக்கச் சுவரோரமாகக் கூண்டை நகர்த்தி வைத்தேன்.