நல்லம்மாளின் கல்லுக்கு வாரிசு தேடிய கதை

சாலை அகலப்படுத்தும்போது வழியில் நிற்கும் சிலை, நினைவுக்கல் எல்லாவற்றையும் யாருடையது என்று விசாரித்து எழுதுவது என் ஒப்பந்த வேலை. சொந்தம் என்று யாராவது சொன்னால் கல்லை நகர்த்தி நடுவார்கள். இல்லையென்றால் இடிபாடுகளோடு லாரியில் போய்விடும். வெயிலில் வீடு வீடாகக் கேள்வி கேட்டுத் திரிந்தவர்களுக்கு என் பாடு புரியும். முதல் சம்பவம் மட்டும் நான் பார்த்ததல்ல, எனக்கு முன்பு இந்த வேலையில் இருந்தவர் சொன்னது.

பெயரில்லாத சிலை

ராசிபுரம் போகும் வழியில் ஒரு முக்கில் மார்பளவுச் சிலை. வருடா வருடம் பெயின்ட் அடித்துப் பீடத்திலிருந்த எழுத்தே மறைந்துவிட்டது. யாருடைய சிலை என்று அவர் டீக்கடையில் கேட்டிருக்கிறார். கடைக்காரர் டீயை ஆற்றிக்கொண்டே சொன்னாராம்: "யாருன்னு தெரியாதுங்க. ஆனா கை வெச்சுப் பாருங்க, ஒரு பஸ்ஸும் போவாது."

சொந்தம்

எனக்கு வாய்த்தது ஒரு சுமைதாங்கிக் கல். இரண்டு கல் நட்டு மேலே ஒரு பலகைக்கல். வயிற்றுப் பிள்ளையோடு இறந்த பெண்ணுக்காக வைப்பது. வழிப்போக்கர் தலைச்சுமையை அதில் இறக்கினால் அவள் சுமையும் இறங்கும் என்று நம்பிக்கை. பலகையின் விளிம்பில் 'நல்லம்மாள்' என்று வெட்டியிருந்தது.

பக்கத்து மரவள்ளித் தோட்டக்காரரிடம் கேட்டேன். "எங்க தாத்தாவோட அக்காங்க," என்றார். எனக்கு ஒரே சந்தோஷம். அரசாங்கச் செலவிலேயே அவர் தோட்டத்துக்குள் நட்டுத் தருவார்கள் என்றேன். அவர் போய்க் கிணற்று மோட்டாரை நிறுத்திவிட்டு வந்தார்.

"அரசாங்கம் கல்ல நட்டா, அந்த எடம் யாருதுங்க?"

கேட்டுச் சொல்கிறேன் என்றேன்.

"அப்ப இப்படி எழுதிக்க சாமி. அந்தம்மா யாருன்னே எங்களுக்குத் தெரியாது."

இரண்டு பதில்

அவர் சொன்ன இரண்டையும் எழுதி அனுப்பினேன். மேலாளர் போனில் கூப்பிட்டார். எங்கள் வீட்டில் முதலில் பட்டம் வாங்கியவன் நான். மேலாளர் போன் என்றால் எழுந்து நின்றுதான் பேசுவேன். அவர் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: "ஏம்ப்பா, அந்தம்மா சொந்தமா, இல்லையா?"

இரண்டு குழி

இயந்திரம் வந்த நாளில் கல்லைக் காணோம். இரண்டு குழிகள் மட்டும் இருந்தன. என் பொறுப்பிலிருந்த கல் போனது, வேலையும் போனது என்று நினைத்தேன். ஜேசிபி ஓட்டுநர் இறங்கிவந்து குழியை எட்டிப் பார்த்தார். "திருடுனவன் மஞ்சத்தண்ணி தெளிச்சுட்டுப் போவானுங்களா?"

வேலிக்கல்

மறுவாரம் நானே பஸ் ஏறிப் போனேன். மரவள்ளிக்கு நடுவே இரண்டு கல்லும், மேலே பலகையும். பெயர் வெட்டிய பக்கம் கிணற்றைப் பார்த்திருந்தது. சாலையிலிருந்து எந்த அதிகாரியாலும் படிக்க முடியாது. தோட்டக்காரர் என்னைப் பார்த்ததும், நான் வாயைத் திறப்பதற்குள் சொன்னார்: "அது வேலிக்கல்லுங்க."

எங்கள் பதிவில் 'காணவில்லை' என்று இருக்கும் அந்தக் கல்லின் மேல், நான் சரிபார்த்த அன்று, வாடாத கனகாம்பரம் இருந்தது.