கீழே சாக்கடைக் கூட்டம், மாடியில் நாங்கள்

தூத்துக்குடியில் குடிக்க இடம் தெரியாமல் யாரும் அலைந்ததில்லை. குடியை நிறுத்த இடம் தெரியாமல் நான் அலைந்தேன்.

துறைமுகத்தில் சரக்குப் பெட்டிகளைக் கப்பலேற்றும் ஏஜென்சி ஒன்றில் எனக்கு மேலாளர் வேலை. ஒருநாள் காலை, சென்னை ரயிலில் வரும் மாமனாரை அழைத்துவரக் காரை எடுத்துக்கொண்டு போனேன். போனது வரைக்கும்தான் எனக்கு ஞாபகம். முந்தின ராத்திரிப் போதையில் ஸ்டேஷன் வாசலில் வண்டிக்குள்ளேயே தூங்கிவிட்டேன். கண்ணாடியைத் தட்டிச் சலித்துப்போன மாமனார், கதவைத் திறந்து என்னைப் பின்சீட்டில் உருட்டிவிட்டு, அவரே ஓட்டி வந்திருக்கிறார். நான் விழித்தபோது வீட்டு வாசலில் மகளிடம் சொல்லிக்கொண்டிருந்தார்:

"ஏளா, இந்தா ஒன் வீட்டுக்காரரு. பத்திரமா கொண்டாந்து சேத்துட்டேன்."

என் மனைவி சிரிக்கவில்லை. திட்டவும் இல்லை. பெட்டியை வாங்கி உள்ளே வைத்துவிட்டு அப்பாவுக்குக் காப்பி போடப் போய்விட்டாள். எனக்கு அதுதான் பயமாக இருந்தது.

குடியை விட வேண்டும் என்று சொன்னதுமே ஊரில் எல்லோரும் மருத்துவர்களாகிவிட்டார்கள். கூடக் குடித்தவன் ஒருவன், பிராந்தியை நிறுத்திவிட்டு பீர் மட்டும் குடிக்கச் சொன்னான். திருச்செந்தூரில் வேண்டிக்கொண்டு கையில் கயிறு கட்டச் சொன்னார் சித்தப்பா. கட்டினேன். கயிறு கட்டிய கையாலேயே கிளாசைப் பிடித்தேன்; பிடி கொஞ்சம் உறுதியாகத்தான் இருந்தது. வீடியோவில் நீச்சல்குளமெல்லாம் காட்டிய மறுவாழ்வு மையம் ஒன்றுக்குப் போன் போட்டால், முதலில் என்னைக் கட்டிப்போட ஆள் அனுப்புவதாகச் சொன்னார்கள்.

கடைசியில் அரசு மருத்துவமனையில் ஒரு பெண் மருத்துவர், நடுக்கத்துக்கு மாத்திரை கொடுத்துவிட்டு, கடற்கரைப் பக்கம் ஒரு கோயிலடி மண்டபத்தைச் சொன்னார். "ஞாயித்துக்கிழமை சாயங்காலம் போங்க. குடியை விட்டவங்க கூடுவாங்க. பேரெல்லாம் கேக்க மாட்டாங்க."

போனேன். மண்டபத்தில் பிளாஸ்டிக் நாற்காலிகளில் கொஞ்சம் பேர், செத்த வீட்டுக்கு வந்தவர்கள் மாதிரி முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். சரியான இடம்தான் என்று கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். ஒருவர் எழுந்து பேசினார்.

"வீட்டுல பொம்பளையாளுக்கு நிம்மதியே இல்ல. நாத்தம் தாங்க முடியல. பிள்ளையளுக்கு எப்பப் பாத்தாலும் காச்சல். சொந்தக்காரன் ஒருத்தனும் வாசப்படி ஏற மாட்டேங்கான்."

என் வீட்டுக் கதையை இன்னொருவர் வாயால் கேட்டதும் எனக்குக் கண் கலங்கிவிட்டது. அவர் உட்காரும் முன்பே எழுந்துவிட்டேன்.

"நானும் உங்கள மாதிரிதான். என்னாலயும் குடிய விட முடியல."

முன்வரிசையிலிருந்த வெள்ளைச் சட்டைக்காரர், தெருச் சங்கத் தலைவராம், மெதுவாகத் திரும்பினார்.

"அண்ணாச்சி, இது சாக்கடைத் தண்ணி வீட்டுக்குள்ள வருதுன்னு மனு குடுக்கக் கூடுன கூட்டம். நீங்க சொல்லுத ஆளுக மாடியில இருக்காவ."

சிரிப்பை அடக்க எல்லோரும் இருமினார்கள். ஒரு கூட்டமே ஒரே நேரத்தில் இருமுவதை அன்றுதான் பார்த்தேன். தப்பித்தால் போதும் என்று படியேறினேன். பின்னால் செருப்புச் சத்தம். திரும்பினால் தலைவர்.

"வழி தெரியாம நிப்பியளேன்னுதான் வந்தேன்," என்றார்.

வழியில் பத்துப் பன்னிரண்டு படிகளும் ஒரு கதவும் மட்டுமே இருந்தன. வழி காட்டியவர் திரும்பிப் போகவில்லை. என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து கைக்குட்டையால் முகத்தைத் துடைத்தார். அருகில் வந்ததும் தெரிந்துவிட்டது: அவர் மென்றுகொண்டிருந்த ஏலக்காய்க்கு அடியில் மத்தியானத்துப் பிராந்தி வாடை.

மாடிக் கூட்டத்தை நடத்தியது ஓர் அம்மா, ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை. தான் குடித்த கதையைத் தானே முதலில் சொன்னார். தலைவருக்குத் தாங்கவில்லை.

"பொம்பளையாளுமா குடிக்காவ?"

"ஏன் அண்ணாச்சி, பாட்டில்ல ஆம்பளைக்கு மட்டும்னு எழுதியிருக்கா?" என்று கேட்டுவிட்டு, அவருக்கும் ஒரு டம்ளர் தேநீர் நகர்த்தினார். தலைவர் தேநீரை ஒரு சொட்டு விடாமல் குடித்தார். அடுத்த வாரம் எனக்கு முன்பே வந்து உட்கார்ந்திருந்தார்.

அங்கே யாரும் எனக்கு அறிவுரை சொல்லவில்லை. இருபது வருடமாக அறிவுரை மட்டுமே கேட்டவனுக்கு அது விசித்திரமாக இருந்தது. கடலுக்குப் போகும் ஒருவர், "இன்னைக்குக் குடிக்கல. நாளைக்கு எப்படின்னு எனக்கே தெரியாது," என்று மட்டும் சொல்லி உட்கார்ந்தார். அதற்குக் கைதட்டினார்கள். எனக்கும் தட்டத் தோன்றியது.

கீழே இருமியவர்கள் சும்மா இருப்பார்களா? இரண்டே நாளில் எங்கள் தெரு முழுக்கத் தெரிந்துவிட்டது. நான் சாலையோரம் விழுந்து கிடந்த காலத்தில், "பாவம், வேலை அலைச்சல்" என்று தண்ணீர் தெளித்து எழுப்பியவர்கள்தான். இப்போது நிதானமாக, சலவைச் சட்டையோடு நடந்து போகிறேன். "அவரு குடிகாரராம்லா" என்று முதுகுக்குப் பின்னால் பேசுகிறார்கள். குடித்தவரைக்கும் இந்த ஊர் என்னைக் குடிகாரன் என்று சொன்னதே இல்லை. ஒரு கல்யாண வீட்டில், மொட்டைமாடியில் ரகசியமாக ஊற்றிக்கொண்டிருந்த ஒருவர் என்னைக் கண்டதும் கிளாசை மறைத்துக்கொண்டு, "ஒமக்கு இதெல்லாம் ஆகாது வே, கீழ போரும்," என்று அக்கறையோடு அனுப்பிவைத்தார்.

நடுவில் ஒருமுறை சறுக்கினேன். திரும்பப் போக வெட்கமாக இருந்தது. அன்று வந்ததிலிருந்து எங்களோடேயே தங்கிவிட்ட மாமனார்தான் வண்டியை எடுத்தார். மாடியேறினேன். யாரும் விசாரிக்கவில்லை. டீச்சரம்மா தன் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, பக்கத்து நாற்காலியைக் காலி செய்து கொடுத்தார்.