நாற்பதில் அழும் மீன் வேன்

ஒரு மாதமாக என் மீன் வேன் நாற்பதைத் தாண்டினாலே 'ஙொய்ங்' என்று அழுகிறது. ஒருவர் கியர்பாக்ஸ் என்றார். இன்னொருவர் வீல் பேரிங் என்றார். இரண்டையும் பார்த்தாகிவிட்டது. அழுகை நிற்கவில்லை.

இன்று காசிமேட்டு லோடை இறக்கிய கையோடு திருவொற்றியூர் தாஸ் மெக்கானிக்கிடம் போனேன். என்னையே ஓட்டச் சொல்லிவிட்டு, அவர் பின்னால் மீன் பெட்டி வைக்கும் தரையில் காதை வைத்துப் படுத்துக்கொண்டார்.

"ஆக்சிலேட்டர வுடு நைனா... மிதி... வுடு."

காலை எடுக்கும்போதெல்லாம் சத்தம் மாறியது.

"பேரிங்கு இல்ல, கிரவுன்ல கீது."

பின் அச்சின் நடுவிலிருக்கும் கியர் உருண்டை அது. அடியில் புகுந்து அதன் ஆயில் மூடியைத் திறந்தார். ஆயில் மோர் மாதிரி வெள்ளையாகக் கொட்டியது.

"உப்புத்தண்ணி பூந்துகீது. மேல பாரு, ஐஸ் தண்ணி வடியறதுக்கு நேரா கிரவுன் தலைமேல ஓட்டை போட்டு வெச்சிகிறான். எந்த பேமானி வேல இது?"

இருந்த அலுப்பில் வாய் தானாகச் சொன்னது: "பழைய ஓனர்ண்ணா."

இந்த வண்டியை ஷோரூமிலிருந்து ஓட்டி வந்தவனே நான்தான். இந்தப் பதிவை தாஸ் அண்ணனிடம் காட்டுகிறவர்களுக்கு இனி வஞ்சிரம் கிடையாது.