தானியேல் வாயடைத்த சக்கரம்

தானியேலுக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று என் அறைத்தோழன் யாசர்தான் முதலில் சொன்னான். அவனும் பார்த்துவிட்டுச் சொல்லவில்லை. பழவேற்காட்டிலிருந்து அவன் சின்னம்மா, கமர் நிஷா சாச்சி, போனில் சொன்னது. அவருக்கு யார் சொன்னார்களோ.

"உங்க தோஸ்து விடிகாலைல கியர் சைக்கிளத் தோள்ல தூக்கிக்கினு ஜிஎன்டி ரோட்ல ஓடுறானாம் அண்ணா. இன்னாடான்னு கேட்டா, மிதிச்சா போவ மாட்டேங்குதுன்றானாம். மத்தியானம் பார்த்தா அதே சைக்கிள்ல குந்திக்கினு ஊட்டுக்குப் போறானாம்."

ஷார்ஜாவில் எங்கள் அறையில் இருந்த ஐந்து பேரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. அந்த சைக்கிளை அனுப்பியவன் நான்.

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் கம்பி உருட்டும் மில் ஒன்றில் தானியேல் ஆயில்மேன். அதே மில்லின் ஸ்டோரில் நான் நான்கு வருடம் வேலை பார்த்தேன். தினமும் காலையில் ஸ்டோர் ஜன்னலில் அவன் கை மட்டும் முதலில் தெரியும், கிரீஸ் டின்னோடு. பழுக்கக் காய்ந்த இரும்பு பாம்பு போல ஓடும் உருளைகளுக்குப் பக்கத்தில் போய் நின்று, ஒரு இரும்புக் கம்பியின் ஒரு முனையை பேரிங் மேலும் மறு முனையைக் காதிலும் வைத்துக் கேட்பான். "இது இன்னும் ரெண்டு நாள் தாங்கும்," என்பான். தாங்கும். மூன்றாம் நாள் உடையும். இன்ஜினியர்கள் அவனிடம் கேட்டுவிட்டுத்தான் மெஷினை நிறுத்துவார்கள், அவனிடம் கேட்டதை மட்டும் எழுத மாட்டார்கள்.

"சுத்துற எதுவும் சத்தம் போடக் கூடாது பாய்," என்பது அவன் சட்டம். வீட்டிலும் அதுதான். கதவுக் கீல், தையல் மெஷின், கிரைண்டர், பக்கத்து வீட்டு ஊஞ்சல், எல்லாவற்றுக்கும் மில்லின் கருப்பு கிரீஸ். நான் ஷார்ஜாவுக்குக் கிளம்பும்போது அவன் மனைவி ஆரோக்கியமேரி என்னிடம் சொன்னாள்: "இட்லில கூட கிரீஸ் வாசனை வருதுண்ணா. இவரையும் உங்க கூடவே கூட்டிக்கினு போயிடுங்க. ஒட்டகத்துக்கு கிரீஸ் வெச்சிக்கினு கெடக்கட்டும்."

அவனுடைய அப்பா அந்தோணி கூலிக்கு நாற்று நட்ட நிலத்தின் மேல்தான் மில்லின் பழைய இரும்பு குவிந்து கிடக்கிறது. மகனுக்கு எட்டு வருடமாகக் காண்டிராக்ட் வேலை. பர்மனென்ட் செய்யச் சொல்லி மூன்று முறை அவனுக்காக நான் ஆங்கிலத்தில் மனு எழுதியிருக்கிறேன். ஒவ்வொரு முறையும், "தமிழ்லயும் ஒன்னு எழுதிக் குடு பாய். எதுல கையெழுத்து போடறேன்னு எனக்குத் தெரியணும் இல்ல," என்று கேட்டு வாங்கி, படித்துவிட்டுத்தான் ஆங்கில மனுவில் கையெழுத்திட்டான்.

இரண்டாயிரத்து ஆறாம் ஆண்டு கடைசியில் மனு பலித்தது. ஜனவரி முதல் தேதி பன்னிரண்டு பேரைப் பர்மனென்ட் செய்வதாக அறிவிப்பு ஒட்டினார்கள். பட்டியலில் தானியேல் ஒன்பதாவது பெயர். ஒரே நிபந்தனை: டிசம்பர் மாதத்தில் மூன்று நாள் லேட்டாக வந்தால் பெயர் அடிக்கப்படும்.

அவனுடைய ஊர் கவரைப்பேட்டைக்கு மேற்கே உள்ளே தள்ளி இருக்கிறது. ஷிஃப்ட் ஆறு மணிக்கு. முதல் பஸ் ஊரை விட்டுக் கிளம்புவதும் ஆறு மணிக்குத்தான். சைக்கிள்தான் வழி. அவனுடைய பழைய சைக்கிள் துருப்பிடித்து ஒடிந்துபோனதாக முன்பே சொல்லியிருந்தான். எங்கள் கட்டடத்தில் அறையைக் காலி செய்த ஒரு பிலிப்பைன்ஸ்காரன் மலைச் சைக்கிள் ஒன்றை விட்டுப் போனான். தடித்த டயர், இருபத்தோரு கியர். கப்பல் பார்சலில் போட்டேன். அக்டோபரில் அவனுக்குக் கிடைத்தது.

அன்று போனில் துள்ளினான். "தேர் மாதிரி போவுது பாய். ஒன்னே ஒன்னுதான். காலை நிறுத்தினா பின் சக்கரம் டிக் டிக்னு கத்துச்சி. பிரிச்சி உள்ள மில்லு கிரீஸ் ஃபுல்லா அடைச்சிட்டேன். இப்ப வாயே தொறக்கறதில்ல."

இருவரும் சிரித்தோம்.

யாசர் சொன்னதைக் கேட்ட செவ்வாய்க்கிழமை மாலையே கூப்பிட்டேன். ஆரோக்கியமேரியின் போன்தான் அந்த வீட்டுக்கே போன். சிக்னல் கிடைக்கும் ஒரே இடமான ஜன்னல் கட்டையில் எப்போதும் இருக்கும். இரண்டாவது மணியில் எடுத்துவிடுவாள்.

"பைத்தியம் எனக்கில்ல பாய், சைக்கிளுக்கு," என்றான் தானியேல். "காத்தால பனில எடுத்து மிதிச்சா பெடல் சும்மா சுத்துது. சக்கரம் அசைய மாட்டேங்குது. தள்ளிக்கினு போய்ச் சேர ஏழு மணி ஆயிடுது. மத்தியானம் வெயில்ல நின்னதுக்கு அப்புறம் ஏறினா, ஒன்னுமே நடக்காத மாதிரி ஓடுது."

"சூப்பர்வைசர் கிட்ட சொன்னியா?"

"வரதன் சார்தானே. அவரே ரெண்டு மணிக்கு ஏறி ஒரு ரவுண்டு ஓட்டினாரு. 'நல்லாத்தானே ஓடுது, யாருகிட்ட கதை வுட்ற'ன்னாரு. ரெண்டு லேட்டு போட்டாச்சி. இன்னும் ஒன்னுதான்."

"வேற சைக்கிள் கேளேன்."

"ஆறு மணி ஷிஃப்ட்டுக்கு எங்க ஊர்லேர்ந்து நான் ஒருத்தன்தான். மத்தவங்க எட்டு மணிக்கு வேலைக்குக் கெளம்ப அவனவனுக்கு அவனவன் சைக்கிள் வேணும். கடைக்காரரும் கை வைக்க மாட்டேங்கறாரு, பின் சக்கரத்து நடுவுல இருக்கற ஃபாரின் ஹப்பு தெரியாதுன்றாரு. பேசாம நானே பிரிச்சிப் பார்க்கட்டா?"

இந்த இடத்தில்தான் நான் அவன் பேச்சைக் கேட்டிருக்க வேண்டும். எனக்கோ பயம். ஊரில் எது கெட்டாலும் இங்கிருந்து பொருள் அனுப்பிச் சரிசெய்துவிடலாம் என்று நம்பவைக்கிற பயம். "தொடாதே," என்றேன். "ஹப் உடைஞ்சிருக்கு. புதுசா வாங்கி யாசர் கையில கொடுத்தனுப்பறேன். சனிக்கிழமை வரான்."

"அதுவரைக்கும்?"

"நடந்து போ."

புதனும் வியாழனும் நடந்தான். இருட்டில் நாலு மணிக்கு முன்பே கிளம்பி, லாரிகளுக்கு ஒதுங்கி ஒதுங்கி. வியாழன் மாலை மறுபடியும் பேசினோம். குரல் கம்மியிருந்தது.

"காலு கொப்பளிச்சிடுச்சி பாய். அதுகூட பரவால்ல. இன்னிக்கு உருளை ஸ்டாண்டு பக்கத்துல நின்னுக்கினே தூங்கிட்டேன். கூட வேலை செய்யற கோபால் சட்டைய புடிச்சி இழுத்தான். இல்லன்னா கம்பி மேல வுழுந்திருப்பேன். இனிமே நடக்க முடியாது."

"ரெண்டு நாள்தானே."

"அதுக்கு வழி பண்ணிட்டேன். வெல்டர் குப்புராஜ் இருக்கான் இல்ல, இன்னிக்கு சைக்கிள மில்லுக்கு லாரில ஏத்தியாந்து, பின் பல்சக்கரத்தையும் ஹப்பையும் சேர்த்து வெல்டு வெச்சிட்டான். மீன்காரங்க சைக்கிள்ல பிரீவீல் போனா அப்படித்தானே ஓட்டுவாங்க. மிதிச்சா போயே ஆவணும். காலை மட்டும் நிறுத்தக் கூடாது, அவ்ளோதான்."

அதில் எனக்கும் நிம்மதி. "நல்லதுதான்," என்றேன். நான் சொன்ன வார்த்தை அது.

வெள்ளிக்கிழமை எனக்கு விடுமுறை. காலை ஒன்பது மணிக்கு ஒரு மலையாளி மெக்கானிக்கின் கடையில் ஹப் வாங்கினேன். எந்தச் சைக்கிளுக்கு, என்ன கோளாறு என்று கேட்டார். சொன்னேன். குளிரில் வழுக்குகிறது, வெயிலில் ஓடுகிறது என்றதும் கையைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தார்.

"கட்டி கிரீஸ் போட்டானா?"

தலையாட்டினேன். ஒரு பழைய ஹப்பைத் திறந்து காட்டினார். உள்ளே நகம்போலச் சின்னச் சின்ன இரும்புத் துண்டுகள், ஒவ்வொன்றுக்கும் முடி போல ஒரு ஸ்பிரிங். அவை விரிந்து பல்லில் மாட்டினால்தான் சக்கரம் சுற்றும். அந்த டிக் டிக் அவற்றின் சத்தம்தான். கட்டி கிரீஸ் குளிரில் இறுகினால் நகங்கள் எழும்பாது. மண்ணெண்ணெயில் கழுவி இரண்டு சொட்டுத் தையல் மெஷின் எண்ணெய் விட்டால் போதும். புது ஹப்பே வேண்டாம். தானியேல் பிரித்திருந்தால் அன்றைக்கே கண்டுபிடித்திருப்பான்.

வெல்டு வைத்ததையும் சொன்னேன். அவர் முகம் மாறியது.

"மீன்காரன் சைக்கிள்ல செயின் இறுக்கமா இருக்கும். கியர் சைக்கிள்ல தொங்கும். இறக்கத்துல கால் ஒரு நிமிஷம் நின்னா போதும், செயின் தளர்ந்து பின் சக்கரத்துல போய்ச் சிக்கும். சக்கரம் அப்படியே பூட்டிக்கும். ரோட்டுல ஓட்ட வேண்டாம்னு உடனே சொல்லுங்க."

கவரைப்பேட்டை மேம்பாலம் தாண்டித்தான் அவன் போக வேண்டும். இறக்கம் அது. பின்னால் ஆந்திரா லாரிகள். கொப்பளித்த கால்.

ஊரில் அப்போது மணி பத்தரை. ஐந்து மணிக்கே கிளம்பியிருப்பான். கடை வாசலில் நின்று போன் கார்டைச் சுரண்டி எண்களை அழுத்தினேன். மணி அடித்தது. ஆரோக்கியமேரி இரண்டாவது மணியில் எடுப்பவள். அடித்து ஓய்ந்தது. மில்லின் கேட் எண்ணுக்குப் போட்டேன், பிஸி. மறுபடியும் வீட்டுக்கு.

யாசர் நாஷ்டா பொட்டலத்தோடு வந்து நின்றான். என் முகத்தைப் பார்த்து, கையில் இருந்த ஹப்பைப் பார்த்தான்.

"இன்னா அண்ணா, எடுக்கலியா? தண்ணி புடிக்கப் போயிருப்பாங்க."

"இருக்கும்," என்றேன்.

ஐந்தாவது முறையாக அந்த ஜன்னல் கட்டையில் மணி அடித்துக்கொண்டிருந்தது.