பொந்தியான் சாலையில் இறங்கியவர்கள்

எங்கள் ரப்பர் தோட்டத்தில் வெள்ளைக்காரத் துரையின் கார் வருவது தெரிந்தால் சைக்கிளில் போகிறவன் இறங்கிவிட வேண்டும். இறங்கி, சைக்கிளை ஓரமாகப் பிடித்துக்கொண்டு, தலையில் கட்டிய துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு நிற்க வேண்டும். கார் கிளப்பிய புழுதி முழுவதும் நம் மேல் படிந்த பிறகு மறுபடி ஏறிக்கொள்ளலாம். இப்படி ஒரு சட்டம் என்று யாரும் எழுதி ஒட்டவில்லை. ஒருமுறை இறங்காமல் போன பால்வெட்டு ஆள் ஒருவரைத் துரை காரை நிறுத்திவிட்டு வந்து காதோடு சேர்த்து அறைந்தார். மறுநாள் அவருக்கு வேலை இல்லை. அதற்குப் பிறகு எழுத்து எதற்கு?

மலாயாவின் ஜொகூரில் அக்கம்பக்கத்துத் தோட்டங்களிலும் இதே கதைதான். துரைமார் வேறு வேறு, அறை ஒன்றுதான்.

ரப்பர் விலை அதலபாதாளத்துக்குப் போயிருந்த வருடம் அது. பாதி மரங்களில் பால் வெட்டாமல் போட்டுவிட்டார்கள். ஆள் அதிகம் என்று பட்டியல் போட்டு, மாதாமாதம் சில குடும்பங்களை லாரியில் சிங்கப்பூருக்கு ஏற்றி, அங்கிருந்து ஊருக்குக் கப்பலில் அனுப்பினார்கள். ஊர் என்பது ஒரு பேச்சுக்குத்தான். என் தங்கை பிறந்ததே எங்கள் தோட்டத்து லயத்து வீட்டில். இந்தியாவில் அவளுக்கோ அவள் புருஷனுக்கோ கையகல நிலம் கிடையாது, வா என்று கூப்பிட ஆள் கிடையாது. போதாக்குறைக்கு அவள் அப்போது ஐந்து மாதக் கர்ப்பம்.

தங்கையின் புருஷனான எங்கள் மாப்பிள்ளை தோட்டத்துத் தப்பால்காரர். தினமும் சைக்கிளில் பொந்தியான் டவுனுக்குப் போய்த் துரையின் கடிதங்களையும் பத்திரிகைகளையும் வாங்கி வருவார். அதிகம் பேசமாட்டார். மழை கொட்டினாலும் அவர் நனைவாரே தவிரத் துரையின் பத்திரிகை நனைந்ததில்லை. திடீரென்று ஒருநாள், தப்பாலை லாரிக்காரனே கொண்டு வந்துவிடட்டும் என்று துரை சொல்லிவிட்டார். அடுத்த பட்டியலில் மாப்பிள்ளை குடும்பம் இருக்கிறது என்று ஆபீஸில் கணக்கு எழுதும் கிராணி என் காதில் போட்டார். நான் புகைக்கூடத்தில் ரப்பர் ஷீட் காயப்போடுகிறவன். அந்த வேலைக்கு ஆள் வேண்டும் என்பதால் என் பெயர் தப்பியது.

சைக்கிள் பந்தயம் பற்றிய செய்தி வந்தது அந்தச் சமயத்தில்தான். ஜொகூர் பாருவிலிருந்து பொந்தியான் வரை; யார் வேண்டுமானாலும் ஓட்டலாம். பாருவில் பிஸ்கட் கம்பெனி வைத்திருந்த ஒரு சீன முதலாளி, முதல் பத்துப் பேருக்கு வேலை தருவதாகச் சொல்லியிருந்தார். கடை கடையாகச் சைக்கிளில் சரக்குப் போடுகிற வேலை, தங்க இடமும் உண்டு. வெளியில் வேலை கிடைத்துவிட்டால் பட்டியலிலிருந்து பெயரை எடுத்துவிடலாம் என்றார் கிராணி. தோட்டத்துச் சைக்கிளை இரண்டு நாளைக்கு மாப்பிள்ளையிடமே விட்டுவைத்ததும் அவர்தான்.

"பத்துக்குள்ள வந்தா போதும்ல அண்ணே? மொத ஆளா வரணும்னு இல்லையே?" என்று தங்கை என்னிடம் கேட்டாள். சோறு போடும்போது கேட்டாள், துணி காயப்போடும்போது கேட்டாள்.

"தெனம் இந்த ரோட்டுலதானே மிதிக்கிறாரு. கண்ண மூடிக்கிட்டே வந்துருவாரு," என்றேன். துணைக்கு நானும் வருவதாக வேறு வீறாப்பாகச் சொல்லி, கடைக்காரரின் பழைய சைக்கிளைக் கேட்டு வாங்கினேன். அதில் பிரேக் என்பது என் வலது கால்தான்.

பந்தயக் காலையில் பாருவில் இருநூறு பேருக்கு மேல் நின்றோம். வளைந்த ஹாண்டில் பிடித்த மலாய்க்கார ஆபீஸ் பையன்கள், கால்சட்டை நுனியைக் கயிற்றால் கட்டிய சீனக் கடைச் சிப்பந்திகள், மீன் கூடையைக்கூடக் கழற்றாமல் வந்த ஒருவன். தோட்டங்களிலிருந்து வந்த தமிழர்கள் பெரும்பாலும் வெறுங்கால், தலையில் துண்டு. கொடி இறங்கியதும் இருநூறு மணியும் சேர்ந்து அடித்தன. முதல் மேட்டிலேயே பத்துப் பன்னிரண்டு பேர் ஒருவர் மேல் ஒருவர் விழுந்தார்கள். முழங்கையால் இடித்தவனை நான் திரும்ப இடித்தேன். உண்மையைச் சொன்னால், சந்தோஷமாக இருந்தது. இத்தனை பேரோடு ஒரே சாலையில், யாருக்கும் வழி விடாமல் போனது அதுதான் முதல் தடவை.

வழியில் வரும் ஸ்கூடாய் வரை மெதுவாக மிதித்துப் போய் நின்றுவிடுவதுதான் என் திட்டம். ஆனால் கூட்டத்தின் நடுவே ஓட்டினால் எதிர்காற்று உறைப்பதில்லை. அவர்களே நம்மை இழுத்துப் போவது போல இருக்கும். ஸ்கூடாய் தாண்டியும் விட மனமில்லை. வழியில் மலாய்க் கம்பங்களில் கிராமத்து ஜனங்கள் தேங்காய்ச் சிரட்டையில் தண்ணீர் நீட்டினார்கள். பாதி வாயில், பாதி சட்டையில். தொடை இறுகிக் கல்லாகிவிட்டது. பலர் சாலையோரமாக மல்லாந்து கிடந்தார்கள். கடைசிப் பகுதிக்கு வந்தபோது நான்கு பேர் தனியாக முன்னே போயிருந்தார்கள். அடுத்து இருபது பேர் கொண்ட ஒரு கூட்டம். அதன் தலையில் மாப்பிள்ளை, வாலில் நான். அவர் ஐந்தாவது. என் தங்கை இங்கேயே இருந்துவிடுவாள் என்று நினைத்துக்கொண்டே மிதித்தேன்.

பொந்தியானுக்கு இன்னும் இரண்டே மைல். எங்கள் தோட்டத்துப் பாதை வந்து சேரும் முனையில், ஒரு மேட்டின் மேல் லயத்துப் பெண்கள் கூடி நின்று துண்டை வீசிக்கொண்டிருந்தார்கள். அவர்களில் தங்கையும் இருந்தாள். அப்போதுதான் எனக்குப் பின்னால் ஹாரன் கேட்டது. சுருக்கமாக இரண்டு, நீளமாக ஒன்று. எங்கள் துரை அப்படித்தான் அடிப்பார். திரும்பினேன். துரையுடையதைப் போலவே பச்சைக் கார், உள்ளே வெள்ளைத் தொப்பி.

யோசித்தேன் என்றால் பொய். வாய் தானாகக் கத்திவிட்டது.

"மாப்ள! தொரை! எறங்குங்க!"

மாப்பிள்ளை இறங்கினார். நானும் இறங்கினேன். எங்களோடு முடியவில்லை. கூட்டத்திலிருந்த, வேறு வேறு தோட்டங்களைச் சேர்ந்த மற்ற ஐந்து தமிழர்களும் அவரவர் துரையை நினைத்து இறங்கிவிட்டார்கள். ஏழு பேரும் சைக்கிளை ஓரமாகப் பிடித்து, துண்டைக் கையில் எடுத்துக்கொண்டு வரிசையாக நின்றோம். மலாய்க்காரர்களும் சீனர்களும் எங்களைத் தாண்டிச் சிட்டாகப் பறந்தார்கள்.

கார் பக்கத்தில் வந்து மெதுவானது. உள்ளே எங்கள் துரை இல்லை. பந்தயத்துக்காக வந்த டாக்டர். அவர் மடியில் மருந்துப் பெட்டி. நாங்கள் அடிபட்டு நிற்கிறோம் என்று நினைத்துவிட்டார்.

"சாக்கிட்?" என்று கேட்டார். உடம்புக்கு என்ன என்று கேட்கிறார். "ஜாலான், ஜாலான்!" என்று கையை வீசிப் போகச் சொன்னார்.

"எவன்டா அது கத்துனது?" என்றான் முன்னால் நின்ற ஒருவன். நான் குனிந்து சங்கிலியைப் பார்ப்பதுபோல் பாவனை செய்தேன். மாப்பிள்ளை மட்டும் என்னை ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு ஏறி மிதித்தார். உயிரைக் கொடுத்து மிதித்தார். ஆறு பேரை முந்தியும்விட்டார். பன்னிரண்டாவதாக வந்தார்.

பொந்தியானில் பிஸ்கட் கம்பெனி ஆள் ஒருவர் மேசை போட்டு உட்கார்ந்திருந்தார். மாப்பிள்ளை வரிசையில் போய் நின்றார். பத்துப் பேர் முடிந்ததும் அந்த ஆள் எழுந்துவிட்டார். நான் பாய்ந்து போய் நடந்ததைப் பாதி மலாயிலும் பாதி சைகையிலும் சொன்னேன். காரைக் கண்டு ஏன் இறங்க வேண்டும் என்பது அவருக்குக் கடைசிவரை புரியவில்லை. "செப்புலோ ஓராங் சாஜா லா," பத்தே பேர்தான் என்று சிரித்துக்கொண்டே நாற்காலியை மடக்கினார்.

கடலோரத்தில் இருவரும் உட்கார்ந்தோம். எனக்கு அழுகை வந்தது. அந்த அழுகையிலும் என் புத்தி எங்கே போயிற்று பாருங்கள்.

"மாப்ள, நான்தான் கத்துனேன்னு தங்கச்சிக்குத் தெரிய வேணாம்."

அவர் முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டார். "விடுங்க மச்சான். அந்த ஹாரன் கேட்டா நானே எறங்கியிருப்பேன்," என்றார். அது உண்மையாக இருக்கலாம் என்று பல வருடம் என்னை நானே சமாதானப்படுத்திப் பார்த்தேன். ஒரு நாளும் நம்ப முடிந்ததில்லை.

அன்று சாயந்திரம் தங்கை அவரிடம் கேட்டது ஒரே கேள்வி. "ஏன் எறங்குனீங்க?" அவர், "எறங்கிட்டேன் புள்ள," என்றார். நான் அவள் போட்டுக் கொடுத்த கோப்பியைக் குடித்துக்கொண்டு பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். அதற்குப் பிறகு அவள் அவரிடம் சரியாகப் பேசவில்லை. பயந்தாங்கொள்ளி என்று லயத்துப் பெண்களிடம் சொன்னாளாம். லயத்து வாசலிலேயே அவர் அதையும் கேட்டுக்கொண்டு, விறகு பிளந்துகொண்டு, வாயைத் திறக்காமல் இருந்தார்.

பட்டியல் வந்தது. அவர்கள் போனார்கள். ஊரிலிருந்து இரண்டு கடிதம் வந்தது. முதலாவதில் மழை இல்லை என்றும், இரண்டாவதில் குழந்தை தங்கவில்லை என்றும் எழுதியிருந்தது. பிறகு கடிதமே இல்லை. நான் போட்டவற்றுக்குப் பதிலும் இல்லை.

லாரி வந்த காலையைத்தான் என்னால் தாண்ட முடியவில்லை. மாப்பிள்ளை முதலில் ஏறி, மேலிருந்து கையை நீட்டினார். தங்கை அந்தக் கையைப் பிடிக்கவில்லை. என் பக்கம் திரும்பினாள். முகம் வீங்கியிருந்தது.

"அண்ணே, நீங்க பின்னாலதானே வந்தீங்க. எறங்காதீங்க மாப்ளன்னு ஒரு சத்தம் போட்டிருக்கக் கூடாதா?"

மாப்பிள்ளைதான் மேலிருந்து பதில் சொன்னார்.

"சத்தம் போட்டாரு புள்ள. காத்துல எனக்குத்தான் கேக்கல. நீ ஏறு."