ஜமீலா வெட்டிய ஸ்லைடுகள்

வியாழக்கிழமை காலை நாமக்கல்லில், நான் வேலை பார்க்கும் கோழித்தீவனக் கம்பெனியின் பரிசோதனை அறையில் இருந்தேன். ஜமீலாவின் தம்பி அன்வர் அழைத்தார்.

"அக்கா மவுத்தாயிட்டாங்கண்ணே. அசர் தொழுகைக்கு அப்புறம் அடக்கம்."

சேலம் பஸ்ஸில் இடம் இருந்தும் என்னால் உட்கார முடியவில்லை.

செவ்வாய்ப்பேட்டையில் ஜமீலாவின் வீட்டு வாசலில் கல்லூரி ஆட்கள், "எப்பவும் சிரிச்ச முகம்" என்று பேசிக்கொண்டிருந்தார்கள். அப்படியெல்லாம் இல்லை. மொத்த மளிகைக் குடும்பத்தில் பிறந்த அவர், பருப்பு மூட்டைக்குள் கைவிட்டுப் பார்ப்பதுபோல எதையும் அடிவரை துழாவிப் பார்ப்பவர். பதினான்கு ஆண்டுகள் அவர்மேல் கோபமாக இருந்தவன் சொல்கிறேன்; நம்பலாம்.

சேலத்தில் ஒரே ஆய்வுக்கூடத்தில் இருந்தோம். ஒவ்வொரு மரபணுவும் தாயிடமிருந்து ஒன்று, தந்தையிடமிருந்து ஒன்று என இரண்டு பிரதிகளாக வருகிறது. சில மரபணுக்களில் ஒரு பிரதி மட்டும் பேசும். யார் வழியாக வந்தது என்பதைப் பொறுத்து மற்றது ஊமையாகிவிடும். அப்படி ஒரு மரபணு மூளையில் எங்கே வேலை செய்கிறது என்று தேடினோம். அது பேசும் இடத்தில் நீலம் ஏறும்படி அடையாளம் சேர்த்த சுண்டெலிகள் எங்களிடம் இருந்தன. அடையாளத்தை ஆண் எலி வழியாக அனுப்பினேன். குட்டிகளின் மூளை முழுக்க நீலம். மூளை முழுவதும் தந்தையின் பிரதிதான் பேசுகிறது என்று கட்டுரையே எழுதிவிட்டேன்.

ஜமீலா கையெழுத்துப் போட மறுத்தார்.

"அம்மா வழியா அனுப்பினாலும் நீலம் வந்துச்சுன்னா? ஒரு பக்கம் மட்டும் கேட்டுட்டு பஞ்சாயத்து பண்ணுவீங்களா செந்தில்?"

"ஏனுங்க, இன்னும் ஆறு மாசமாகுமுங்க. அதுக்குள்ள வேற எவனாச்சும் போட்டுருவான்."

"போடட்டும். தப்பாப் போட்டா அசிங்கம் அவனுக்குத்தானே."

அதன்பின் நான் கூடத்துக்கே போகவில்லை. அவரே பெண் எலிகள் வழியாக அனுப்பி, குட்டிகளின் மூளைகளை மெல்லிய சீவல்களாக வெட்டி, கண்ணாடி ஸ்லைடுகளில் வைத்துப் பார்த்தார். மேலே, மூளையின் வெளி அடுக்கான புறணியில் நீலம் அப்படியே இருந்தது. அங்கே இரண்டு பிரதிகளும் பேசின. பசியையும் உடற்சூட்டையும், சிதறிய குட்டிகளைத் தாய் எலி கவ்விவந்து சேர்ப்பதையும் ஆளும், மூளையின் அடியில் உள்ள ஹைப்போதலாமஸில் மட்டும் நீலம் இல்லை. தந்தையின் பிரதி தனித்துப் பேசியது அங்கே மட்டும்தான். என் கட்டுரை தவறு. சரியானதை எழுதுவதற்குள் வேறொரு கூடம் முந்திக்கொண்டது. எனக்கு வரவிருந்த வேலையும் போயிற்று. எங்கள் பேராசிரியர் எனக்காக வாயே திறக்கவில்லை; அவரையும் நான் மறக்கவில்லை.

இரண்டு மாதம் முன்பு ஜமீலாவே அழைத்தார்.

"கோழிகிட்டப் போயிட்டீங்களாமே? நல்லதுதான். அதுங்களுக்கு இந்தத் தகராறே இல்ல. அப்பா, அம்மா ரெண்டு பேர் பேச்சும் எடுபடும்."

சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன்.

"உங்க ஸ்லைடுப் பெட்டி எங்கிட்டதான் இருக்கு. ஒரு நாள் வாங்களேன்."

"வாரேனுங்க" என்றேன். போகவில்லை. உடம்பு சரியில்லை என்று அவர் சொல்லவில்லை. குரலை வைத்தாவது நான் கேட்டிருக்கலாம்.

கப்ரில் மூன்று பிடி மண் போட்டுவிட்டுக் கிளம்பியபோது, அன்வர் பெட்டியைக் கொண்டுவந்து கொடுத்தார். பஸ் நிறுத்தத்தில் நின்றபடியே திறந்தேன். மேல் வரிசை ஸ்லைடுகளில் என் பெயர். தாய் வழிக் குட்டிகளின் கீழ் வரிசையிலும் என் பெயர் இருக்குமோ என்று ஒவ்வொன்றாகத் தேடினேன். எல்லாவற்றிலும் 'வெட்டியது: ஜமீலா' என்றே இருந்தது. எனக்குச் சேராத எதையும் அவர் கடைசிவரை எனக்குத் தரவில்லை. எரிச்சலாகத்தான் இருந்தது. ஆனால் அந்தப் பெட்டியில் இருந்த மற்ற எல்லாவற்றையும் அதனாலேயே நம்பினேன்.

அவர் வெட்டிய ஒன்றை எடுத்து மாலை வெயிலில் பிடித்தேன். மேலே நீலம். அடியில், நடுவே, சாயம் ஏறாத சின்ன இடம். அதன் வழியே வெயில் நேராக என் கண்ணில் பட்டது.

அந்தப் பக்கத்தையும் பார்த்துவிட்டேன், ஜமீலா. போய் வாருங்கள்.