ஒற்றைக் காலடி

ஊரில் அவரைத் ‘தடம்’ என்றுதான் கூப்பிடுவார்கள். பெற்றவர்கள் வைத்த பெயர் ஓட்டுநர் உரிமத்தில் பத்திரமாக இருக்கிறது. அதைச் சொல்லி அழைத்தால் அவரே திரும்பிப் பார்க்க மாட்டார். காட்டுக்குள் ஜீப் ஓட்டுகிறவர்களில் ஒருவருக்கு யானை ராசி, இன்னொருவருக்குக் கரடி ராசி என்று பேசிக்கொள்வார்கள். இவருக்குச் சிறுத்தை ராசி. சிறுத்தை கண்ணில் படாத நாளில்கூட அதன் காலடித் தடமாவது இவர் கண்ணுக்குத் தப்பாது. “தடம் அண்ணன் வண்டியில ஏறினா யாரும் சும்மா திரும்ப மாட்டாங்க” என்று பயண நிறுவனத்து முதலாளியே வாடிக்கையாளர்களிடம் சொல்வார். அப்போதெல்லாம் இவர் தலையைக் குனிந்துகொள்வார். எவ்வளவு அடக்கம் பாருங்கள் என்று முதலாளி அதற்கும் ஒரு பாராட்டு வைப்பார்.

அடக்கமாவது ஒன்றாவது. அந்தத் தடங்களில் முக்கால்வாசியை அவர் தம் கையாலேயே போட்டார்.

அது ஒன்றும் பெரிய வித்தை இல்லை. வளைவில் வண்டியை நிறுத்தி, “கொஞ்சம் இருங்க, முன்னாடி பாத்துட்டு வந்துடறேன்” என்று இறங்கிப் போவார். புதர் மறைவில் புழுதியில் குந்தி, வலது முஷ்டியின் அடிப்பக்கத்தால் ஓர் அழுத்து. பிறகு விரல்களை மடக்கி, நான்கு கணுக்களையும் அதற்கு முன்னால் பதிப்பார். அவ்வளவுதான், சிறுத்தை வந்து போய்விட்டது. அந்தக் கையில் மோதிர விரல் மட்டும் கொஞ்சம் கோணல். ஜீப்பின் பானட் மூடி விழுந்து விரல் முறிந்து, உள்பக்கமாகக் கூடிவிட்டது. கட்டுப் பிரித்த பிறகு அதற்குத் தினமும் எண்ணெய் போட்டு நீவிவிட்டவள் மனைவி. அந்தக் கோணலால் இவருடைய சிறுத்தைக்கு ஒரு விரல் எப்போதும் உள்வாங்கியே இருக்கும். யாராவது கேட்டால் ‘சண்டையில அடிபட்டது’ என்று சொல்ல ஒரு கதை தயாராக வைத்திருந்தார். யாரும் கேட்டதில்லை.

முதன்முதலில் ஒரு சின்னப் பிள்ளையின் அழுகையை நிறுத்தத்தான் செய்தார். பிறகு பெரியவர்களுக்கும் செய்தார். யாருக்கு என்ன நஷ்டம் என்று தமக்குத்தாமே சமாதானம் சொல்லிக்கொண்டார். வந்தவர்கள் சந்தோஷமாகத் திரும்பினார்கள், இவருக்கும் பெயர் வந்தது.

நிறுவனம் விற்றது இரண்டு நாள் பயணம். முதல் நாள் பழைய பௌத்த விகாரைகள்: பாறையைக் குடைந்த குகைகள், படுத்த நிலையில் ஒரு பெரிய புத்தர், மேலே புல் முளைத்த செங்கல் தூபி. மறுநாள் விடியற்காலையில் காடு. இரண்டு நாளும் இவரேதான் ஓட்டுநர், இவரேதான் வழிகாட்டி. தூபி இருக்கும் வளாகத்தில் இவர் மனைவிக்கும் வேலை. செங்கல் இடுக்குகளில் புல் வேர்விட்டால் சுவரே பிளந்துவிடும் என்று, மழுங்கிய கத்தியால் வேரோடு கெல்லி எடுக்கத் தினக்கூலிக்குப் பெண்களை வைத்திருந்தார்கள். அவர்களில் அவளும் ஒருத்தி. பயணிகளோடு இவர் அந்தப் பக்கம் போனால் நிமிர்ந்துகூடப் பார்க்க மாட்டாள். ஆனால் இவர் பேசுவது அவ்வளவும் அவள் காதில் விழும். வீட்டில் வந்து, “இன்னைக்கு ரெண்டாவது குகையில ஒரு வரிய முழுங்கிட்டீங்க” என்று கேலி செய்வாள்.

அந்த மழைக்காலத்தில் ஒரு வயதான தம்பதி வந்தார்கள். கணவர் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்து, அதை மகனிடம் விட்டுவிட்டு ஊர் சுற்றக் கிளம்பியவர். எதற்கும் அசராத மனிதர். குகையைப் பார்த்து, “ம்” என்றார். படுத்திருந்த புத்தரைப் பார்த்தும் அதே “ம்”தான். அவர் மனைவிக்கு முழங்கால் வலி. நின்று நின்றுதான் வந்தார். தூபிக்குப் பின்னால் பாதக் கல் இருக்கிறது, இரண்டு பாதங்கள் செதுக்கிய பெரிய பலகைக் கல். அங்கே அந்த அம்மா வெகு நேரம் நின்றார்.

“இது நிஜமாவே அவர் கால் பட்ட இடமா தம்பி?”

“இல்லம்மா. சிலை வைக்கிற பழக்கம் வர்றதுக்கு முந்தி, அவருக்குப் பதிலா பாதத்தத்தான் செதுக்குவாங்க. இதுவும் யாரோ ஒரு கல்தச்சர் செதுக்கினதுதான்.”

“உள்ளத உள்ளபடி சொல்றீங்க பாருங்க, அதுக்கே உங்களுக்குக் கும்பிடு போடணும்” என்றார் அந்த அம்மா. தடத்துக்குச் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியவில்லை.

மறுநாள் காட்டில் எல்லாமே காலை வாரியது. இரவெல்லாம் பெய்த மழையில் பாதை சேறும் தண்ணீருமாகக் கிடந்தது. அது போதாதென்று வனத்துறை ரேஞ்சரின் ஜீப் வேறு வால் பிடித்தாற்போலப் பின்னாலேயே வந்தது; இறங்க வழியில்லை. மான்கள் நின்றன. ஒரு கீரி குறுக்கே ஓடியது. அவ்வளவுதான். கண்ணாடிக்கடைக்காரர் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு, “தடமாவது காட்டுவார்னு உங்க முதலாளி சொன்னாரே” என்றார். அந்த அம்மா உடனே, “அவர் என்ன பண்ணுவாரு, பாவம். அது வந்தாத்தானே” என்றார்.

கணவர் குத்திக்காட்டியதை இவர் தாங்கிக்கொண்டார். அந்த ‘பாவம்’தான் சுருக்கென்று தைத்தது.

திரும்பும் வழியில் அந்த அம்மாவுக்கு நினைவு வந்தது: முந்தின நாள் செருப்பு விடும் இடத்தில் சால்வையை மறந்துவிட்டிருந்தார். வண்டியை வளாகத்துக்குத் திருப்பினார்கள். அன்று பெண்களுக்கு வேலை இல்லாத நாள். ஆள் நடமாட்டமே இல்லை. இருவரும் காவலாளியிடம் சால்வை கேட்கப் போன நேரத்தில், தடத்தின் கால்கள் தாமாகப் பாதக் கல்லின் பக்கம் நடந்தன. கல் பாவிய தரை முடியும் இடத்தில் கொஞ்சம் ஈரக் களிமண் மழமழவென்று கிடந்தது. காட்டுக்கு வெளியே அவர் இதைச் செய்ததே இல்லை. இங்கே கூடாது என்று மனசு சொல்லிக்கொண்டிருக்கும்போதே கை மடங்கிவிட்டது.

“சத்தம் போடாம வாங்க” என்று போய் அழைத்தார்.

அந்த அம்மா வாயைப் பொத்திக்கொண்டார். கண்ணாடிக்கடைக்காரர் ஒரு மூக்குக்கண்ணாடிக் கூட்டைக் காலடித் தடத்தின் பக்கத்தில் அளவுக்கு வைத்து, மாற்றி மாற்றிப் படம் எடுத்தார். “ம்” சொல்லக்கூட மறந்துபோனார்.

அந்தப் படம் சொந்தக்காரர்கள், நண்பர்கள் என்று கைபேசி கைபேசியாகத் தாவி, மறுநாளே ரேஞ்சர் மேசைக்கு வந்துவிட்டது. தூபியின் செங்கல் மேட்டில் குனிந்து வேலை செய்கிற பெண்கள், பக்கத்தில் சிறுத்தை. எந்த அதிகாரிதான் சும்மா இருப்பார்? காலடித் தடத்தின்மேல் ஒரு பிளாஸ்டிக் தொட்டியைக் கவிழ்த்து, கல்லைத் தூக்கி வைத்தார்கள். சுற்றிலும் கயிறு கட்டினார்கள். பின்பக்கமாக ஒரு கூண்டு வந்து இறங்கியது. அடுத்த உத்தரவு வரும்வரை பெண்கள் வேலைக்கு வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். வேலை இல்லை என்றால் கூலியும் இல்லை.

“ரெண்டு மூணு நாள்ல திறந்துடுவாங்க” என்று தடம் சாப்பாட்டுத் தட்டைப் பார்த்துச் சொன்னார். திறக்கவில்லை. மனைவி வீட்டில் துவைத்ததையே துவைத்தாள். பெண்களுக்கெல்லாம் தலைவியாக இருந்த மேஸ்திரி அக்கா, ஒரு சாப்பாட்டுக் கடையில் பாத்திரம் தேய்க்க இடம் கேட்டு அலைகிறாள் என்று சேதி சொன்னாள். இவர் பாதிச் சோற்றோடு எழுந்து கையைக் கழுவினார்.

சொல்லிவிடலாம் என்று ஒருநாள் ரேஞ்சர் அலுவலகத்துக்குப் போனார். ரேஞ்சர் இவரைவிட வயதில் சின்னவர், மரியாதையான பிள்ளை. “வாங்கண்ணே, நீங்களே வந்துட்டீங்களா” என்று நாற்காலி போட்டு, தேநீர் வரவழைத்து, சிறுத்தை ஏன் மேட்டுப்பக்கம் வந்தது என்று அரைமணி நேரம் பேசினார். இவர் தேநீரைக் குடித்துவிட்டு, “அப்போ வர்றேன் சார்” என்று எழுந்து வந்துவிட்டார். வாசலைத் தாண்டியதும் தம் கன்னத்தில் தாமே அறைந்துகொள்ளலாம் போலிருந்தது.

அன்று சாயங்காலம் மனைவி முகமெல்லாம் சிரிப்பாக வந்தாள்.

“ஏங்க, எல்லாரும் இருக்கப்பவே ரேஞ்சர்கிட்ட நானே பேசிட்டேன். தடம் பாக்க எதுக்கு வெளியூர்லருந்து ஆள் வரணும், எங்க வீட்டுக்காரர் வந்து ஒரு பார்வை பாத்தா போதும், அது போயிடுச்சா இருக்கான்னு சொல்லிடுவாருன்னு சொன்னேன். அவரும் சரின்னுட்டாரு. நாளைக்குக் காலையில வரச் சொல்லியிருக்காரு.”

“என்னக் கேக்காம எதுக்குச் சொன்ன?”

“கேட்டா ‘எனக்கென்ன தெரியும்’னு அடக்கமா ஒதுங்கிக்குவீங்க. உங்களத் தெரியாதா எனக்கு!”

காலையில் போனபோது கயிற்றுக்கு அந்தப் பக்கம் பெண்கள் எல்லாரும் வந்து நின்றிருந்தார்கள். கூடை, கத்தி சகிதம். இவர் வாயைத் திறந்த கையோடு உள்ளே போய் வேலையைத் தொடங்கிவிடலாம் என்ற நம்பிக்கை. மனைவி முன்வரிசையில், நல்ல சேலையில் நின்றாள். ரேஞ்சர் கல்லைத் தள்ளித் தொட்டியைத் தூக்கினார். களிமண் காய்ந்து, தடம் அச்சில் வார்த்ததுபோல அப்படியே இருந்தது.

மேஸ்திரி அக்காவுக்கு எந்த நேரத்திலும் வாய் சும்மா இருக்காது. “ஒரே ஒரு காலடிதான் இருக்கு. மத்த மூணு காலையும் கையில தூக்கிக்கிட்டா போச்சு?” என்றாள். எல்லாரும் சிரித்தார்கள்.

“மத்ததெல்லாம் கல்லுத் தரை, அக்கா. அதுல பதியாது” என்று ரேஞ்சர் விளக்கம் சொன்னார். பிறகு இவர் பக்கம் திரும்பி, “நீங்க சொல்லுங்கண்ணே” என்றார்.

தடம் குந்தினார். என்ன சொல்வது என்று வழியெல்லாம் யோசித்துத்தான் வந்திருந்தார். ‘பழைய தடம் சார், அது எப்பவோ ஆத்தைத் தாண்டிப் போயிருக்கும், இனிமே இந்தப் பக்கம் தலை காட்டாது.’ இதைச் சொன்னால் போதும். கயிற்றை அவிழ்ப்பார்கள், பெண்களுக்கு வேலை கிடைக்கும், இவர் பெயரும் இன்னும் ஒரு படி ஏறும். யாருக்கும் நஷ்டமில்லை. நாக்கு நுனிவரை வந்துவிட்டது.

சொல்வதற்கு முன்னால் மனைவியைப் பார்த்தார். அவள் தடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அதில் உள்வாங்கிய அந்த ஒரு விரலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் முகத்திலிருந்த சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது. பிறகு மெதுவாக, முழங்கால்மேல் இவர் ஊன்றியிருந்த வலது கையைப் பார்த்தாள். எண்ணெய் போட்டு நீவிய கை. அவளுக்குப் புரிந்துவிட்டது என்று இவருக்கும் புரிந்தது. பூமி பிளந்து உள்ளே போய்விட மாட்டோமா என்றிருந்தது.

“சொல்லுங்க” என்றாள் அவள்.

பெருமையில் சொல்கிறாள் என்று மற்றவர்கள் நினைத்தார்கள். மேஸ்திரி அக்காகூட, “சொல்லுங்கண்ணே, அண்ணிக்கே அவசரமாயிருக்கு” என்றாள்.

இவர் பக்கத்தில் இருந்த தண்ணீர்க் குவளையை எடுத்து, தடத்தில் படாமல் காய்ந்த மண்ணில் ஊற்றினார். மண் இளகும்வரை காத்திருந்தார். என்ன சோதனை செய்கிறாரோ என்று எல்லாரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தார்கள். முஷ்டியை மடக்கி, அந்தத் தடத்துக்குப் பக்கத்தில் வைத்து அழுத்தினார். பிறகு கணுக்களைப் பதித்தார். கையை எடுத்தபோது இரண்டு தடங்கள் இருந்தன, கோணல் விரல் உட்பட ஒரே மாதிரி.

ரேஞ்சர் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். அவர் முகம்தான் முதலில் சிவந்தது. “எழுந்திருங்கண்ணே” என்று மட்டும் சொன்னார். இவர் எழுந்திருக்கவில்லை.

யாராவது நாலு வார்த்தை திட்டியிருக்கலாம். திட்டவில்லை. மேஸ்திரி அக்கா ரேஞ்சரிடம், “அப்போ நாங்க உள்ள போலாமா சார்?” என்று கேட்டாள். அவர் தலையசைத்ததும் பெண்கள் கயிற்றைத் தூக்கிக் குனிந்து, இவரைச் சுற்றிக்கொண்டு ஒவ்வொருவராகப் போனார்கள். கடைசியாக மனைவி போனாள். நல்ல சேலையோடேயே மேட்டில் உட்கார்ந்து, புல்லைக் கெல்லத் தொடங்கினாள்.

அந்தப் பருவம் முடியும்வரை காட்டு வாசலுக்கு வரக் கூடாது என்று ரேஞ்சர் சொல்லிவிட்டார். முதலாளி காட்டுப் பயணத்துக்கு வேறு ஆளைப் போட்டார். இவருக்கு விகாரைகள் மட்டும் மிஞ்சின. தினமும் தூபிக்கு வர வேண்டும், தினமும் அந்தப் பெண்களைத் தாண்டிப் போக வேண்டும். அவர்கள் இப்போதும் ‘தடம் அண்ணே’ என்றுதான் கூப்பிட்டார்கள். அதைக் கேட்டால் முதுகு கூசியது. வீட்டில் மனைவி சோறு போட்டாள், சட்டை துவைத்தாள், கேட்டதற்குப் பதில் சொன்னாள். ஒரே ஒரு தடவைதான் அதைப் பற்றிப் பேசினாள்.

“அத்தன பேரு முன்னாடி, ‘எங்க வீட்டுக்காரர் பாத்தா போதும்’னு நாந்தானே சொன்னேன்” என்றாள். அதற்குப் பிறகு இவர் பேச்சில் எத்தனை வரி விழுங்கினாலும் அவள் கேலி செய்யவில்லை.

சில வாரங்கள் கழித்து ஒரு மாலை கைபேசி அடித்தது. அந்த அம்மா.

“தம்பி, நல்லாயிருக்கீங்களா? எங்க வீட்டுக்காரரு அந்தப் படத்தப் பெருசா போட்டுக் கண்ணாடி மாட்டி வாசல்லயே வச்சிருக்காரு. வர்றவங்க எல்லாருக்கும் கதைதான். பேரப்பிள்ளைங்க அவர் காலையே சுத்திச்சுத்தி வருதுங்க. இத்தன சந்தோஷமா அவர நான் பாத்ததே இல்ல. எல்லாம் உங்க புண்ணியம்.”

மனைவி எதிரில் துணி மடித்துக்கொண்டிருந்தாள். கை நின்றது.

“அம்மா” என்றார் தடம். “அது சிறுத்தை இல்லம்மா. நான் என் கையால போட்டது. மன்னிச்சுக்கங்க.”

அந்தப் பக்கம் தூரத்தில் ஓர் ஆண்குரல் மட்டும் யாருக்கோ எதையோ ஆர்வமாக விவரித்துக்கொண்டிருந்தது. ‘என் கண்ணாடிக் கூடு எவ்வளவு பெருசு, அதுக்குப் பக்கத்துல அது எவ்வளவு பெருசு பாரு’ என்று கேட்டது.

“அவர்கிட்ட நான் சொல்லப்போறதில்ல தம்பி” என்றார் அந்த அம்மா கடைசியில். குரல் தளர்ந்திருந்தது. “இனிமே யாராவது கேட்டா, நானும் பாத்தேன்னுதான் சொல்லியாகணும்.”

போனை வைத்துவிட்டார். தடம் கைபேசியைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார். மனைவி, “என்ன சொன்னாங்க?” என்று கேட்டாள். அந்த அம்மா சொன்னதை இவர் ஒரு வார்த்தை பிசகாமல் அவளிடம் சொன்னார்.